வக்கீலுக்கு ஒரு மேசை

"இருபத்தாறு அங்குலம்," என்று அளவுகோலை மடக்கினார் தச்சர் பான்.

வக்கீல் கேட்டது முப்பது.

எதிரே, அரசு வழக்கறிஞரின் மேசை முப்பது. காலையிலேயே வந்து, ஆளில்லாத நேரம் பார்த்து, சாண் போட்டு அளந்து வைத்திருந்தார்.

சீனாவில், ஹூனான் மாகாணத்தின் அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டில், குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேச ஒருவர் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடைசியாக உட்கார்ந்தவரும் அவரேதான்.

அன்று பேசியது பதினைந்து நிமிடம். அதற்காக இருபத்தொரு வருடம் ஒரு பண்ணையில் பன்றிக் கொட்டில் கழுவினார்.

இப்போது 1980. சட்டம் திரும்பி வந்திருந்தது. வக்கீல் என்ற சொல்லும் திரும்பி வந்திருந்தது. அவரையும் தேடிப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார்கள். பழைய மேசையைத்தான் காணோம். ஏதோ ஒரு குளிர்காலத்தில் யாரோ அடுப்பில் வைத்துவிட்டார்கள்.

நாளைக் காலை வழக்கு.

படகோட்டி லுவோ. படகு கவிழ்ந்து, பொதுச்சொத்தான இரண்டு பம்ப்செட்டுகள் ஆற்றோடு போய்விட்டன. இவ்வளவு பாரம் தாங்காது என்று லுவோ சொல்லியிருக்கிறான். ஏற்று என்று கம்யூன் செயலாளர் எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தத் துண்டுச்சீட்டுக்காக வக்கீல் இரண்டு மாதம் அலைந்து, கடைசியில் லுவோவின் மனைவியின் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கண்டெடுத்தார்.

அது முடிந்தது. இன்றைக்கு மேசை.

"குற்றவாளிக்குப் பேசறவருக்கும் அரசாங்கத்துக்கும் ஒரே உசரமா தோழர்? பார்க்க நல்லாவா இருக்கும்?" என்றார் குமாஸ்தா தெங்.

"குற்றவாளின்னு இன்னும் யாரும் சொல்லலையே."

"அதான் நாளைக்குச் சொல்லிடுவாங்களே."

தெங் இருபத்தேழு என்றார். வக்கீல் இருபத்தொன்பதரை என்றார். தெங் இருபத்தெட்டுக்கு வந்தார். அதற்குமேல் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சந்தையில் ஒரே கோழியின் காலை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றார்கள்.

பான் பூசணி விதையை உடைத்துத் துப்பினார்.

"சட்டுபுட்டுனு முடிங்கய்யா. உங்க பேச்சுக்கெல்லாம் மரம் வளராது."

"எனக்கு வெந்நீர்க் குடுவை வேணாம்," என்றார் வக்கீல். "டீக்கோப்பை வேணாம். நாற்காலிக்கு மெத்தையும் வேணாம். முப்பது."

குடுவை தருவதாக யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் மூன்று சாமான்களை மிச்சம் பிடித்த திருப்தி தெங்கின் முகத்தில் வந்துவிட்டது.

"போகட்டும். முப்பது."

பான் நான்கு கால்களிலும் கட்டை வைத்து ஆணி அடித்து, மேசையை நிமிர்த்தினார்.

டக். டக்.

ஒரு கட்டை நூலளவு குறைச்சல்.

தெங் குப்பைக்கூடையில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். எட்டாய் மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். சாப்பாட்டு மணி அடித்தது. போய்விட்டார்.

வக்கீல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தார்.

அசையவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஜெயித்த முதல் வழக்கு.

குனிந்து அந்த மடிப்பைப் பார்த்தார். ஓரத்தில் ஊதா மசி. லுவோ என்று இருந்தது.

மேசையைத் தூக்கி, தாளை உருவிப் பிரித்தார்.

தீர்ப்பு. கார்பன் கோணலாகி வீணான பிரதி.

நாளைய தேதி. ஏழு வருடம். கீழே நீதிபதியின் பெயர்.

நடுவில் ஒரு வரி: பிரதிவாதித் தரப்பு வாதத்தைக் கவனமாகக் கேட்டறிந்த பின்.

அதை இரண்டு முறை படித்தார். கோபம் வரவில்லை. முழங்கால் வலித்தது.

நேற்றே விற்றுப்போன சரக்குக்குக் காலையிலிருந்து விலை பேசியிருக்கிறார்.

தாளை இருந்த இடத்திலேயே செருகிவிடலாம். மேசை ஆடாது. எதுவுமே ஆடாது. நாளை எழுந்து, கருணை காட்டுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீடு என்று ஓர் அறை கிடைத்தே மூன்று மாதம்தான் ஆகிறது. மனைவி ஜன்னலுக்குத் திரைகூட இன்னும் தைக்கவில்லை.

லுவோ ஏழு வருடத்தில் திரும்பி வருவான். அவர் இருபத்தொன்றில் வரவில்லையா?

"ஆட்டம் நின்னுச்சா, வக்கீலய்யா?" பான் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காகிதம் எத்தனை நாளைக்கு? ஒரு சில்லு வெச்சுத் தட்டிடறேன்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வேணாம். ஆடட்டும்."

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், துடுப்பைப் பிடித்திருப்பவன்போல நின்றான் லுவோ.

அரசு வழக்கறிஞர் குற்றப்பத்திரிகையைப் படித்து முடித்து உட்கார்ந்தார்.

வக்கீல் தன் மேசையில் கையூன்றி எழுந்தார்.

டக்.

தெங் தலையைத் தூக்கினார். மேசையின் குட்டைக் காலைப் பார்த்தார். அடியில் ஒன்றும் இல்லை.

மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று, ஊறுகாய் வாடை போகாத சீட்டு. மற்றது கவிழ்த்து வைத்திருந்தது. முழுக்க மடிப்புக் கோடுகள். மெல்லிய தாள், முதுகுப்பக்கம் ஊதா எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஊரிலேயே கோர்ட்டில் மட்டும் உள்ள ஊதா.

அதன்மேல் வக்கீலின் உள்ளங்கை.

நீதிபதி தாளைப் பார்த்தார். தெங்கைப் பார்த்தார். தெங்கின் முகம் வெளுத்திருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்தார்.

"எவ்வளவு நேரம் வேணும், தோழர்?"

"பதினைஞ்சு நிமிஷம்."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அரைமணி எடுத்துக்குங்க."

வக்கீல் ஊறுகாய் வாடை அடித்த சீட்டைக் கையில் எடுத்தார்.

மற்றதை இன்னும் திருப்பவில்லை.