கிபிரின் முதுகு

சண்டை முடிந்து மீள்குடியேறி மூன்றாம் வருடம், பிள்ளைகளே, பெரியமடுவில் அருள்நேசன் ரெஜிபோம் அட்டை வெட்டி ஒட்டி ஏழடி நீளத்தில் ஒரு கிபிர் குண்டுவீச்சு விமானம் செய்தான். ரிமோட்டில் உண்மையாகவே பறக்கும்.

"என்ரை அண்ணாவைக் கொன்ற சாமானை வீட்டுக்குள்ளை வைச்சுச் செய்யிறீங்கள்," என்று மனைவி ஜெயந்தினி முதலில் முகம் கொடுக்கவில்லை.

"எங்களைக் கலைச்ச சாமான் ஒருநாளாவது நாங்கள் சொன்னபடி பறக்கட்டுமன்."

அந்தச் சொல்லில் இளகிப்போனாள், பிள்ளைகளே.

"நான் சண்டைக் காலம் முழுக்க இந்தியாவிலை, மண்டபம் அகதி முகாமிலை. கிபிரைக் கண்ணாலை கண்டதில்லை. நீர்தான் சொல்லோணும்," என்றான்.

பங்கருக்குள் கிடந்து பார்த்ததையெல்லாம் அவள் சொன்னாள். வெளிறின வயிறு, செட்டைக்குக் கீழே தொங்கிய குண்டுகள். அவன் அப்படியே செய்தான்.

பறக்கவிடுவதற்கு முதல்நாள், தேத்தண்ணியோடு வந்தவள் நின்றுவிட்டாள். விமானி இருக்கைக்குப் பின்னால், முதுகில், வேறொரு பச்சையில் சின்னச் சதுரம் அடித்துக்கொண்டிருந்தான்.

"இதென்ன, ஒட்டுப் போட்ட மாதிரி?"

"தகடு மாத்தின இடம். நிறம் பொருந்தயில்லை. திரும்ப அடிக்க முதல், குண்டு ஏத்தோணும் எண்டு என்னை இறங்கச் சொல்லிப்போட்டாங்கள்," என்றான் வேலை மும்முரத்தில்.

பிறகுதான் அவன் கை நின்றது.

"நாங்கள் வயித்தைத்தான் கண்டனாங்கள்," என்றாள் ஜெயந்தினி. "முதுகை மண்டபத்திலை நிண்டோ கண்டனீங்கள்?"

"அவங்கடை விமானத்தளத்துக்குச் சம்பளத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போனனான். அவ்வளவுதான்."

"அண்ணா செத்த வருஷமும் போனனீங்களோ?"

அருள்நேசன் பச்சைப் பெயின்ட் டின்னை மூடினான்.

"ஓம்," என்றான்.