மூன்றாம் ஜன்னல்

உரிமம் தரும் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் கிடக்கும் பச்சை நோட்டைப் பார்த்தாலே மெக்கானிக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சைக்கிள் ரிப்பேர் கடை வைக்கப் பதினோரு காகிதம் கேட்டார்கள். எட்டு மாதத்தில் ஐந்து முறை நடந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறைகிறது என்பார் ஜன்னல் குமாஸ்தா. அதோடு விட்டாரா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோல அந்த நோட்டையும் நீட்டுவார்.

“எதுக்கு வந்தீங்க, எவ்வளவு நேரம் நின்னீங்க, ஏன் திரும்பிப் போறீங்க... எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா.”

“வெறுங்கையோட போறதுக்கும் ஒரு நோட்டா சார்?”

“எழுதுங்கம்மா.”

இரண்டாம் தடவை கோபத்தில் எழுதியே விட்டாள்: ‘மூன்று மணி நேரம் நின்றேன். என் கால் வலிக்கு எந்தக் காகிதம் கொண்டுவர வேண்டும்?’

படித்துவிட்டு மனிதர் சிரித்தார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளெல்லாம் ரிப்பேருக்கு வரும் வாரம். அதை விட்டால் இன்னும் ஒரு வருஷம் கடை பூட்டியேதான் கிடக்கும்.

“இன்னைக்கு ரெண்டில ஒண்ணு பார்த்துடறேன்” என்று வெள்ளிக்கிழமை கிளம்பினாள்.

“பாரு. ஆனா ஸ்பேனரை வீட்ல வெச்சிட்டுப் போ” என்றார் புருஷன்.

போனால், மூன்றாம் ஜன்னல் மூடியிருந்தது. முதல் ஜன்னலில் இருந்த பெண் ஒரே ஒரு தாளை நீட்டினாள்.

“இதை நிரப்புங்கக்கா.”

“மிச்சம் பத்து?”

“அரசாங்கம் எடுத்துடுச்சு. இனி ஒரே தாள்தான்.”

பத்தே நிமிஷம். உரிமம் கையில். மெக்கானிக்கம்மா சந்தோஷத்தில் கூவியே விட்டாள். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

“அப்படியே அந்தப் பச்சை நோட்டையும் கொளுத்தியிருக்கணும்!”

“ஐயோ அக்கா! அது ஆபீஸ் நோட்டே இல்லை. மூணாம் ஜன்னல் சார் சொந்தக் காசுல வாங்கி வெச்சது. மூணு வருஷத்துல எட்டு நோட்டு. மொத்தத்தையும் விதி குறைக்கிற குழுவுக்கு அனுப்பிட்டார். அதைப் படிச்சுத்தான் பதினொண்ணு ஒண்ணாச்சு. குழு அறிக்கையோட முதல் வரி என்ன தெரியுமா? ‘என் கால் வலிக்கு எந்தக் காகிதம்?’”

அந்தச் சிரிப்பையா தப்பாக நினைத்தோம் என்று மெக்கானிக்கம்மாவுக்கு மனசு குறுகியது.

திங்கட்கிழமை கடை வாசலில் மணியடித்துக்கொண்டு ஒரே பிள்ளைகள் பட்டாளம். வரிசையின் கடைசியில், காற்றிறங்கிய பழைய சைக்கிளோடு குமாஸ்தா!

“சார்! முன்னாடி வாங்க.”

“வரிசைன்னா வரிசைதாம்மா.”

அவர் முறை வந்ததும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: “எதுக்கு வந்தீங்க? எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“பஞ்சர். முக்கால் மணி நேரம்.”

“ஆபீஸுக்கு நேரமாகலையா சார்?”

“ஆபீஸா? மிச்சம் பத்துக் காகிதத்தைச் சரிபார்க்கிறதுதானேம்மா என் வேலை! காகிதம் போச்சு, ஜன்னலும் போச்சு. முன்கூட்டியே ஓய்வு குடுத்து அனுப்பிட்டாங்க” என்று வாய்விட்டுச் சிரித்தார் அவர்.