முப்பத்திரண்டு எழுத்து

வாசலின் மின்னணுப் பூட்டை இயக்கும் சி மொழி நிரலை வாசித்த சோதனை மென்பொருள், அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக எச்சரித்தது. திருத்தும்வரை அந்தப் பூட்டுள்ள எந்தக் கதவும் திறக்கக்கூடாது என்பது சட்டம். மூன்று நாளாகப் பெர்னதெத் வீட்டுக்குள் அடைபட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது.

“மக்ளே, ஒனக்கும் பெத்த அம்மை உண்டும்லா?” என்று பூட்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் அழுதாள்.

எதிர்முனையில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள். “ஓட்டை நெசந்தாம்மா. பூட்டுத் திரையில பேர் கேக்குற எடத்துல முப்பத்திரண்டு எழுத்தத் தாண்டி அடிங்க, தெறந்துரும். நான் சொன்னது தெரிஞ்சா என் வேலை போயிரும்.”

பெர்னதெத் அடித்தாள்: “ஆண்டவரே, எனக்கு வழி சொன்ன பிள்ளையக் காப்பாத்தும். பேரு ஒமக்குத் தெரியும்.”

பாதியிலேயே கதவு திறந்துகொண்டது. முழுவதையும் அடித்து முடித்துவிட்டுத்தான் அவள் வெளியே ஓடினாள்.