ஒரு சிட்டிகை சாம்பிராணி

என் முழங்கை பட்டுச் சாம்பிராணித் தட்டு கவிழ்கிறது. இந்தத் தெசலோனிக்காக் கோயிலில் எடுபிடியாக நான் கவிழ்க்காத பாத்திரம் கிடையாது. ஆனால் இப்போது பலிபீடத்தின் முன் நிற்பவள் மீன்காரி ஸோசிமே. சக்கரவர்த்தி சிலைக்கு ஒரு சிட்டிகை போட்டால் வீட்டுக்குப் போகலாம், மறுத்தால் சிங்கத்திடம். சிந்தியது கனலில் விழுந்து புகைகிறது. வெண்புகை சிலையின் பளிங்கு மூக்கில் ஏறுகிறது. "இவ போட்டுட்டா. அடுத்த ஆள் வா!" என்கிறார் பசியோடிருக்கும் அதிகாரி. "கிறிஸ்துக்காரி வழிக்கு வந்துட்டா டோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் சிரிக்கிறான். என் ஆயுளின் ஒரே நல்ல காரியத்தையும் முழங்கைதான் செய்திருக்கிறது. அவளோ நகரவில்லை. மூடிய கையின் விரல்களில் மீன்செதில்கள் மினுங்குகின்றன. ஒரு சிட்டிகை போட்டுவிடும்படி காலையிலிருந்து நான் கெஞ்சியபோதெல்லாம் மத்தி விலை சொல்லி மழுப்பியவள். பக்கத்தில் குனிந்து, "அக்கா, வீட்டுல கைக்குழந்தை இருக்கு. நீங்கதானே போட்டீங்க? ஆமான்னு தலையாட்டிட்டுப் போயிருங்க," என்கிறேன். அவள் என்னைப் பரிவோடு பார்க்கிறாள். பிறகு அதிகாரிக்கும் தெரியும்படி கையை விரிக்கிறாள். போடச்சொல்லிக் கொடுத்த சாம்பிராணி வியர்வையில் நனைந்து அப்படியே இருக்கிறது.

"இல்ல தம்பி. அது நீ கொட்டினது. நான் போடல, போடவும் மாட்டேன்."