தாத்தா விளையாட்டு

விளக்குப் பெட்டியில் எக்ஸ்ரே படத்தைச் செருகினார் டாக்டர். எதிரே அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வலது நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு. உறையும் தடிச்ச மாதிரி இருக்கு. எக்ஸ்ரேயில இவ்வளவுதான் தெரியும். ஸ்கேன் பண்ணி, சதை எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசியில புழங்கினதுண்டா?”

அப்பா முந்திக்கொண்டார். “கூரை ஷீட் அறுக்கிற வேலைங்க. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அதேதான். ஆனா வருஷா வருஷம் கம்பெனியில படம் எடுப்பாங்க. ஒரு குறையும் சொன்னதில்ல.”

மகள் சிரித்தாள். “சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளையா வந்து நிப்பாரு டாக்டர். ‘தாத்தா வந்தாச்சு!’ன்னு கத்திக்கிட்டு மடியில ஏறுவேன். தலையைக் குனியச் சொல்லி ஊதுவேன். முடி கறுத்து, தாத்தா அப்பாவா மாறுற வரைக்கும் விடமாட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “புற்றுநோயா இருக்குமோன்னு சந்தேகப்படுறேன். அந்தத் தூசியால வர்றது.”

அப்பா எழுந்துவிட்டார். “படம் மாறிப் போயிருக்கும் டாக்டர்! தூசியைத் தின்னவன் நான். எம் பொண்ணு அந்தக் கம்பெனி வாசலைக்கூட மிதிச்சதில்லையே! அவளுக்கு எப்படி…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தலைக்குப் போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குனிந்த அந்தத் தலை இப்போது நிஜமாகவே நரைத்திருந்தது. அவரை எப்படியாவது சிரிக்க வைக்க, “தாத்தா வந்தாச்சு” என்று மகள் அதன்மேல் ஊதப் பார்த்தாள்.

ஒரு முடிகூட அசையவில்லை. அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.