மீன் வாலுக்குக் கீழே

பழைய நாணயங்களை இணையத்தில் வாங்கும் ஜெயசிங், விற்கிறவர்கள் முதலில் போடும் படத்தை நம்புவதே இல்லை. அவர் தேடிக்கொண்டிருந்த, மீன் பொறித்த வெள்ளி நாணயத்தில் மீனின் வாலுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் வெறும் வெள்ளி விலைதான். இரண்டு இருந்தால் பத்து மடங்கு. அதனால் நாணயத்தைக் கையில் பிடித்துப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வார்.

பூங்கோதை என்ற பெண் உடனே அனுப்பினாள். கூடவே, "அப்பா சேர்த்தது சார். அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு, அவர்கிட்ட எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியல. இது சாதாரண வகைதானே?" என்று எழுதியிருந்தாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். இரண்டு புள்ளிகள். கண்ணாடியாக மின்னிய வெள்ளியில் அவள் முகம் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு கட்டில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு முதியவர்.

ஜெயசிங் காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு நிதானமாக எழுதினார்: "சாதாரண வகைதாம்மா. வெள்ளி விலைக்கு எடுத்துக்கிறேன். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது. "நீங்க எழுதினத அப்பாகிட்டயும் படிச்சுக் காட்டினேன் சார். ரொம்ப நன்றி."

கூடவே வந்த படத்தைத் திறந்தார். பின்பக்கத்தில் மீன் இல்லை, எழுத்து இல்லை. துடைத்துவிட்டாற்போல் வெறும் வெள்ளி. அதில் அதே கட்டில். முதியவர் இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தார். மகளின் தோளுக்கு மேலாக ஜெயசிங்கையே நேராகப் பார்த்தபடி, இடக்கையை உயர்த்தி, இரண்டு விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.