ஆள் குரல்

புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் காலை, வீட்டு ரேடியோ அலைவரிசைகளைத் தானே மாற்றி மாற்றித் தேடி, ஆழ்கடலிலிருந்த கணவன் அமலதாசின் படகு ரேடியோவைப் பிடித்தது. இணைப்பு கிடைத்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது. அதை மட்டும் வைத்து அவன் உயிரோடிருப்பதாக ஜெசிந்தா நம்பவில்லை. போன மாதம் ஆளில்லாமல் மிதந்த படகொன்றின் ரேடியோவும் எட்டு நாள் இப்படித்தான் தானாகவே பதில் கொடுத்துக்கொண்டிருந்தது.

மைக்கை எடுத்தாள். "என்னங்க, இருக்கியளா?"

"சாகல, இருக்கேன்டி."

கண் இமைப்பதற்குள் அதே சொற்கள் மங்கலாக மறுபடி கேட்டன.

"எதுக்கு ரெண்டு தடவ சொல்லுதிய?"

"ஒரு தடவதான் சொன்னேன். மத்தது பூமியச் சுத்திட்டு வந்துருக்கும்."

கணவனின் குரல் எத்தனையோ கடல்களையும் மலைகளையும் தாண்டி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றித் தன்னிடம் வந்திருக்கிறது. ஜெசிந்தாவுக்கு உடல் சிலிர்த்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள்.